பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தகிட: 'டஸ்ட் மை புரூம்', மூன்றாம் மாதம்

போன ஞாயிறு இரவு 11.15க்குக் கிட்டாரில் அது வந்தது. பன்னிரண்டு பார் (நாலு தட்டு சேர்ந்தால் ஒரு பார்) முழுதாக, நடுவில் ஒரு கம்பியும் கிறீச்சிடாமல், ஒரு மும்மையும் (ஒரு தட்டுக்குள் மூன்று அடி, நம் தகிட) நொண்டாமல். போனில் பதிந்து வைத்ததை ஐந்து தடவை போட்டுக் கேட்டேன். எல்மோர் ஜேம்ஸின் அந்த லிக் (பாட்டை அடையாளம் காட்டும் சின்ன வாசிப்புத் துண்டு) என் கையிலிருந்து வந்திருக்கிறது. வேகம் குறைவுதான், தாளம் காட்டும் மெட்ரோனோம் நிமிடத்துக்கு 84 தட்டில் இருந்தது. ஆனால் அந்த லிக்தான் அது, யார் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

திட்டம் தெரியாதவர்களுக்கு: 'டஸ்ட் மை புரூம்' என்ற ஒரே அமெரிக்க ப்ளூஸ் பாட்டு, நான்கு பதிப்புகள், கால வரிசையில். ராபர்ட் ஜான்சன் 1936, எல்மோர் ஜேம்ஸ் 1951, ஃப்ளீட்வுட் மேக் 1968, இசட் இசட் டாப் 1979. ஒன்றைக் கையில் கொண்டுவந்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவது என்று வைத்திருக்கிறேன். இப்போது இரண்டாவதில் நிற்கிறேன். முதலாவதை முடித்துவிட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. கட்டைவிரல் கீழே பாஸை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மேல் கம்பிகளில் மும்மை போட வேண்டும். ஜான்சன் அதைப் பேசிக்கொண்டே நடப்பது போலச் செய்கிறார். எனக்குப் பாதி தடவைதான் வருகிறது. அது தனிக் கதை.

இந்த மூன்று மாதத்தில் ஏழு வாரம் தவறான கையைத் திருத்திக்கொண்டிருந்தேன். அதைத்தான் இன்று விவரமாக எழுத வேண்டும்.

லிக் உங்களுக்குத் தெரியும். ஓப்பன் டி (கம்பிகளை வெறுமனே மீட்டினாலே டி கார்டு வரும் சுருதி), விரலில் மாட்டிய ஸ்லைடு என்ற குழாயால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பி) வழுக்கி ஏறி, மேல் இரண்டு கம்பிகளில் மும்மை மும்மையாக அடித்துவிட்டுக் கீழே இறங்குவது. என்னுடையதில் முதல் நாளிலிருந்தே ஒரு அழுக்கு இருந்தது. சுருதி ஒரு மயிரிழை கீழே நிற்பது போலவும், நடுவில் ஏதோ உரசுவது போலவும் கேட்கும். ஸ்லைடு வாசிக்கிற யாரும் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன்: இடது கை சரியில்லை. ஸ்லைடு ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்கிறதா, பின்னால் ஆள்காட்டி விரல் கம்பிகளை மூடுகிறதா என்று கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்படியென்றால் குறை ஸ்லைடில் என்று முடிவு செய்து செலவில் இறங்கினேன்.

முதலில் ஆன்லைனில் வாங்கிய கண்ணாடி ஸ்லைடு. சுண்டுவிரலில் லொடலொடவென்று ஆடியது, எடையும் போதவில்லை. அடுத்து ஒரு பித்தளை ஸ்லைடு. அதன் விளிம்பு சரியாக இழைக்கப்படாமல் வந்திருந்தது, விற்றவர் திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றுவிட்டார். மூன்றாவதாகத்தான் லோவெல் ஜார்ஜ் நினைவுக்கு வந்தார். லிட்டில் ஃபீட் குழுவில் அவர் ஸ்லைடாகப் போட்டுக்கொண்டது ஒரு 11/16 அங்குல ஸ்பேனர் சாக்கெட். மில்லிமீட்டரில் பதினேழரைக்குப் பக்கம்.

ஒரு சனிக்கிழமை சென்னை புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய வண்டிச் சாமான் கடைகளில் ஆழமான சாக்கெட் கூடை கூடையாகக் கிடக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்து விரலில் மாட்டிப் பார்த்ததில் கடைக்காரர் அருகே வந்து, "எந்த வண்டிக்கு சார்?" என்றார். கிட்டார் வாசிக்க என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அப்போ வழவழன்னு வேணும், இருங்க" என்று உள்ளே போய், வெளிப்புறம் தேய்ந்து பளபளவென்றிருந்த ஒன்றை எடுத்து வந்தார். 120 ரூபாய். இன்றுவரை என்னிடம் இருப்பதிலேயே நல்ல ஸ்லைடு அதுதான். உள்பக்கம் மட்டும் துணிப் பிளாஸ்திரி ஒரு சுற்று ஒட்டினேன், விரல் வலிக்காமல் இருக்க. ஸ்லைடு தேடுகிறவர்கள் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

சத்தம் கனமாகிவிட்டது, நீளமாகவும் நின்றது. ஆனால் அந்த அழுக்கு போகவில்லை. அப்புறம் கம்பிகளை மாற்றினேன். ஓப்பன் டிக்கு இறக்கியதும் மெல்லிய 011 கம்பி செட் தொய்ந்துபோய் ஸ்லைடு ஃப்ரெட்டில் இடிக்கிறது என்று தடித்த 013க்குப் போனேன். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டுக்கு அடியில் ஒரு தகடு வைத்துக் கம்பிகளைத் தூக்கினேன். இடிப்பது நின்றது. அழுக்கு அப்படியே இருந்தது.

அதைக் கண்டுபிடித்தது எங்கள் மாடி வீட்டுப் பையன். பதினாறு வயது, மிருதங்கம் கற்கிறான். படியில் பார்த்தபோது அவனாகவே நிறுத்திச் சொன்னான்: "அங்கிள், தினமும் கேக்கறேன். உங்க தகிடல ஒரு தடவை 'த' பெருசா விழுது, அடுத்த தடவை 'கி' பெருசா விழுது. வாயால சொல்லிட்டே வாசிச்சுப் பாருங்க."

அன்று இரவு சொல்லிக்கொண்டே வாசித்தேன். அவன் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை.

விஷயம் இதுதான். நான் பிக்கை (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) கீழ்-மேல் கீழ்-மேல் என்று மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தேன். நாலு நாலாகப் போகும் நடையில் அது சரி. மும்மையில் அப்படி அடித்தால் முதல் தகிட கீழ்-மேல்-கீழ் ஆகும், இரண்டாவது தகிட மேல்-கீழ்-மேல் ஆகும். அதாவது ஒன்றுவிட்டு ஒரு எண்ணிக்கையில் தட்டுக்குரிய 'த' மேலடியில் வருகிறது. மேலடியில் பிக் முதல் கம்பியை முதலில் தொட்டு, இரண்டாவதை ஒப்புக்கு உரசிவிட்டுப் போகும். கீழடியில் நேர்மாறு. இரண்டு கம்பிகளின் எடை ஒவ்வொரு தட்டுக்கும் மாறி மாறி விழுந்ததைத்தான் என் காது சுருதிக் குறை என்று எடுத்துக்கொண்டது. ஸ்லைடு முதலிலிருந்தே சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறது.

தீர்வு: கீழ்-மேல்-கீழ், மறுபடியும் கீழ்-மேல்-கீழ். ஒவ்வொரு தகிடவும் கீழடியில் தொடங்கியே ஆக வேண்டும். இதில் 'ட'வும் அடுத்த 'த'வும் அடுத்தடுத்த இரண்டு கீழடிகள். அந்த இடைவெளியில் கை மேலே திரும்ப நேரமே இல்லை. 'ட'வை அடிக்கும்போது மணிக்கட்டு முழுதாக இறங்கிவிட்டால் தொலைந்தது. அது பாதி தூரம்தான் இறங்க வேண்டும், இரண்டாவது கம்பியைத் தாண்டியதுமே திரும்பிவிட வேண்டும். இதை மட்டும் 50இல் ஆரம்பித்தேன். கம்பிகளை இடது கையால் மூடிக்கொண்டு, சுருதியே இல்லாமல், வெறும் டக் டக் டக். ஒரு பாருக்குப் பன்னிரண்டு அடி. தினம் இருபது நிமிடம், பதினெட்டு நாள். ஸ்லைடை விரலில் மாட்டவே இல்லை. பத்தாவது நாளில் முன்கை வலி எடுத்தது. பிக்கை இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று அதற்குப் பிறகுதான் புரிந்தது. 1.0 மில்லிமீட்டர் பிக்கிலிருந்து 0.73க்கு இறங்கியதும் வலி போய்விட்டது. கம்பி தடித்தால் பிக்கும் தடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த லிக்குக்கு எனக்கு அது ஒத்துவரவில்லை.

பத்தொன்பதாம் நாள் ஸ்லைடை மாட்டினேன். முதல் பாரிலேயே சத்தம் வேறு.

இதற்குப் பிறகு பழைய பதிவுகளை மறுபடி கேட்டபோது பாட்டின் பரம்பரையே எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. ஜான்சன் 1936 நவம்பர் 23 அன்று சான் அன்டோனியோவின் கன்டர் ஹோட்டலில் இதைப் பதிந்தார். அதில் ஸ்லைடே கிடையாது, வெறும் விரல்தான். 'டஸ்ட் மை புரூம்' என்ற அந்த வரி அவருக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. கோகோமோ ஆர்னால்டின் 1934ஆம் ஆண்டு 'சேஜ்ஃபீல்ட் வுமன் ப்ளூஸ்' பாட்டில் விளக்குமாற்றைத் தட்டிவிட்டுக் கிளம்புகிற பேச்சு வருகிறது. (நம்மூரில் 'நடையைக் கட்டுகிறேன்' என்போமே, அதேதான். இருந்த அறையைப் பெருக்கிக் கொடுத்துவிட்டு ஒரேயடியாகப் போய்விடுவது.) மெட்டு லெராய் காரின் 'ஐ பிலீவ் ஐல் மேக் எ சேஞ்ச்' பாட்டுக்கு நெருக்கம், அதுவும் 1934. வேடிக்கை பாருங்கள், ஆர்னால்ட் அசாத்திய வேகத்தில் ஸ்லைடு வாசிப்பவர். ஆனால் அவர் பாட்டைக் கேட்டால் நமக்கு 'டஸ்ட் மை புரூம்' நினைவு வராது. ஸ்லைடே இல்லாத ஜான்சனைக் கேட்டால் முதல் நொடியிலேயே வந்துவிடும். அந்தத் தகிட அவரிடம் இருக்கிறது. இந்தப் பாட்டின் உயிர் வலது கையில்தான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

எல்மோர் அந்த மும்மையை அப்படியே எடுத்து ஸ்லைடில் ஏற்றி, ஆம்ப்ளிஃபையரில் செருகினார். ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்தவர், சத்தத்தை எங்கே கிழிக்க விடலாம், எங்கே கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 1951 ஆகஸ்ட்டில் மிசிசிப்பி ஜாக்சனில், ட்ரம்பெட் நிறுவனத்துக்காகப் பதிந்தது. ஹார்மோனிகா இரண்டாம் சானி பாய் வில்லியம்சன். இசைத்தட்டின் மறுபக்கத்தில் எல்மோர் பாடவே இல்லை. போபோ தாமஸ் பாடிய 'கேட்ஃபிஷ் ப்ளூஸ்' அது. ஆனால் இரண்டு பக்கமும் 'எல்மோ ஜேம்ஸ்' என்றே, 'ர்' இல்லாமல், அச்சிட்டு விற்றார்கள். 1952இல் அது அமெரிக்க இசைப் பத்திரிகை பில்போர்டின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் ஒன்பதாம் இடம் வரை போனது. பிறகு அதே லிக்கை வைத்து 'ஐ பிலீவ்', 'டஸ்ட் மை ப்ளூஸ்' என்று அவர் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரே லிக்கில் காலம் ஓட்டினார் என்று பேசுகிறவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. அந்த மும்மையைப் பன்னிரண்டு பாருக்கு ஒரே எடையில் ஒரு தடவை அடித்துக் காட்டிவிட்டுப் பேசட்டும்.

ஃப்ளீட்வுட் மேக் பக்கம் இப்போதே காது போய்விட்டது. 'மிஸ்டர் வொண்டர்ஃபுல்' ஆல்பத்தில் ஜெரமி ஸ்பென்சர் வாசிப்பது. அந்த ஆல்பத்தில் நான்கு பாட்டுகள் ஏறக்குறைய இதே லிக்கில்தான் தொடங்குகின்றன. விமர்சகர்கள் அதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது பாடப் புத்தகம். ஒரே மும்மையை நான்கு விதமாக எடுப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம். இங்கிலாந்தில் இவருக்கு முன்னோடி பிரையன் ஜோன்ஸ். எல்மோ லூயிஸ் என்றே பெயர் வைத்துக்கொண்டு 1962இல் லண்டன் ஈலிங் கிளப்பில் இந்தப் பாட்டை வாசித்தார். பின்னாளில் அவரோடு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் சேர்ந்த ஜாகரும் ரிச்சர்ட்ஸும் முதன்முதலில் அவரைப் பார்த்தது அங்கேதான். எல்மோர் அப்போது உயிரோடு இருந்தார். அடுத்த ஆண்டு மே மாதம் சிகாகோவில் மாரடைப்பில் இறந்தார், வயது 45. அந்தத் தேதியை எப்போது பார்த்தாலும் மனசு கனக்கிறது. ஒரு ஐந்தாறு வருடம் கூட இருந்திருந்தால் இந்தப் பையன்கள் எல்லோரும் அவரை மேடையில் உட்காரவைத்து வாசித்திருப்பார்கள்.

இசட் இசட் டாப்பை இன்னும் திறக்கவில்லை. 'டெகுவேயோ' ஆல்பத்தில் இருக்கிறது, கிட்டார் பில்லி கிப்பன்ஸ். ஒரு தடவை கேட்டுவிட்டு மூடி வைத்தேன். கேட்டால் கை அங்கே போய்விடும்.

இதற்கு நடுவில் வேறொன்று கண்ணில் பட்டு இரண்டு நாள் அதிலேயே போனது. 1995இல் வந்த 'மும்தாஜ் மஹால்'. தாஜ் மஹால் என்ற அமெரிக்க ப்ளூஸ்காரரோடு மோகன வீணையில் விஸ்வ மோகன் பட், சித்திரவீணையில் என். ரவிகிரண். அதில் ராபர்ட் ஜான்சனின் 'கம் ஆன் இன் மை கிச்சன்' இருக்கிறது. சித்திரவீணைக்கு ஃப்ரெட்டே கிடையாது, கம்பி மேல் உருளை வழுக்குவதுதான் வாசிப்பு. அதில் ஜான்சனின் பாட்டு வரும்போது இரண்டு ஊர் வாத்தியங்கள் சேர்ந்தன என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. நெடுநாள் பழகிய இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போலிருந்தது. அந்தப் பாட்டின் மெட்டு மிசிசிப்பி ஷீக்ஸின் 1930ஆம் ஆண்டு 'சிட்டிங் ஆன் டாப் ஆஃப் தி வேர்ல்ட்' பாட்டோடு ஒட்டிப் போகிறது. அதிலிருந்து ஹவ்லின் வுல்ஃப் 1957, க்ரீம் 1968 என்று இன்னொரு நீளமான வரிசை. அடுத்த திட்டம் அதுதான். ஓப்பன் ஜி சுருதிக்கு ஒரு தனி கிட்டார் வேண்டும், திருவல்லிக்கேணியில் பழையது ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். கழுத்து லேசாக வளைந்திருக்கிறது. ஸ்லைடுக்கு அது தடையில்லை, விலையை மட்டும் இன்னும் ஐந்நூறு குறைக்க வேண்டும்.

சரி, எல்மோருக்கு வருகிறேன். மிச்சம் இருப்பது ஒரே ஒரு இடம். நான் வாசிக்கிற விதத்தில், நாலாவது கார்டுக்கு (டியிலிருந்து நாலாவது சுரத்தின் கார்டு) ஸ்லைடை ஐந்தாம் ஃப்ரெட்டில் வைத்துவிட்டு, ஏழாம் பாரில் மறுபடி பன்னிரண்டுக்குத் தாவ வேண்டும். ஏழு ஃப்ரெட் தூரம். கண் கையில் இருந்தால் மும்மை தடுமாறுகிறது. கண்ணை மூடினால் ஸ்லைடு பதினொன்றரையில் போய் நிற்கிறது. ஞாயிறு இரவு 84இல் சரியாக விழுந்தது, திங்கள் 88இல் மூன்று தடவையும் தவறியது. கழுத்தின் பக்கவாட்டில் பன்னிரண்டாம் புள்ளிக்கு நேராகச் சின்னதாக ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். மாடிப் பையனுக்கு அடுத்த வாரம் பரீட்சை, ஒன்பது மணிக்கு மேல் வாசிப்பதில்லை என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை கம்பியை மூடிக்கொண்டு டக் டக் டக், 88இல்.