பேஸிங் நின்றும் பிரஷர் ஏறாதபோது

டாவியில் (TAVI: மார்பைத் திறக்காமல், பெரும்பாலும் தொடை தமனி வழியாகப் பெருந்தமனி வால்வை மாற்றும் சிகிச்சை) பலூன் வகை வால்வை விரிக்கும் சில நொடிகள், இதயத்தை மின்தூண்டலால் நிமிடத்துக்கு 180 முதல் 200 முறை வரை துடிக்கவைத்து, அதாவது பேஸ் செய்து, ரத்த ஓட்டத்தை ஏறக்குறைய நிறுத்திவைக்கிறோம். பேஸிங்கை நிறுத்தியதும் பிரஷர் தானாக ஏற வேண்டும். ஏறாவிட்டால் கேத் லேபில் (இந்தச் சிகிச்சை நடக்கும் அறையில்) எல்லாக் கைகளும் அட்ரினலினைத் தேடும். பிரஷர் அடியோடு விழுந்தால் கொஞ்சம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப ஏற்றக் கூடாது. சுவர் தடித்து உள்ளிடம் சிறுத்த இடது கீழறையில், வால்வு அடைப்பு நீங்கியதும் சுவர்கள் நெருங்கி வெளிவழியை மறிக்கலாம். அட்ரினலின் அந்த மறிப்பை இன்னும் இறுக்கும். அங்கே தேவை சலைன், ரத்தக்குழாயை இறுக்கும் ஃபினைலெஃப்ரின், துடிப்பைத் தணிக்கும் எஸ்மோலால்.

ஆகவே முதலில் எக்கோ. அதிலும் முதலில் பெரிகார்டியம், அதாவது இதயத்தைச் சுற்றிய உறை. ரத்தம் சேர்ந்திருந்தால் மூன்று இடங்களைச் சந்தேகிக்க வேண்டும்: வலது கீழறையில் பேஸிங் லீடின் (மின்தூண்டல் கம்பியின்) முனை, இடது கீழறையில் வால்வைக் கொண்டுசெல்லும் விறைப்பான வயர், வால்வு உட்கார்ந்த வளையம். லீடு குத்திய துளை பெரும்பாலும் பிக்டெயில் என்ற சுருள்முனைக் குழாய் வழியாக ரத்தத்தை வடித்து, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த ஹெப்பாரினை முறிக்கும் புரோட்டமின் கொடுத்தால் அடங்கும். 100 யூனிட் ஹெப்பாரினுக்கு 1 மி.கி. என்பது கணக்கு. மற்ற இரண்டில் அறுவை நிபுணரை அப்போதே கூப்பிட வேண்டும். வடிவது நிற்கிறதா என்று காத்திருப்பது தவறு. பெரிகார்டியம் குத்தும் செட் அலமாரியில் இருந்தால் போதாது, கைக்கெட்டும் மேசையில் இருக்க வேண்டும். அதில் எங்களுக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

பெரிகார்டியம் சுத்தமாக இருந்து, கீழறைச் சுவரின் ஒரு பகுதி அசையாமல் நின்றால், பழைய வால்வின் இதழ் கரோனரியின் (இதயத் தசைக்கு ரத்தம் தரும் தமனியின்) வாயை மூடியிருக்கலாம். வளையத்திலிருந்து வாயின் உயரம் 12 மி.மீ.க்குக் கீழே, சைனஸ் (பெருந்தமனி அடியின் புடைப்பு) அகலம் 30 மி.மீ.க்குக் குறைவு என்று சி.டி.யில் முன்பே தெரிந்தவர்களுக்கு, கரோனரியில் வயரையும் விரிக்காத ஸ்டென்ட்டையும் முதலிலேயே வைத்துவிடுவது நல்லது. அடைத்த பிறகு வயரை நுழைப்பது பெரும்பாடு.

டயஸ்டாலிக் (பிரஷரின் கீழ் அளவு) மட்டும் தாழ்ந்தால் வால்வைச் சுற்றிய கசிவைப் பார்க்கவும். டயஸ்டாலிக்கிலிருந்து இடது கீழறையின் இறுதி டயஸ்டாலிக் அழுத்தத்தைக் கழித்து, சிஸ்டாலிக்கால் (மேல் அளவால்) வகுத்து, நூறால் பெருக்கினால் 25-க்குக் கீழே வருகிறதா? கசிவு பெரிது. மறுபடி பலூன் ஊதலாம். வளையத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கட்டி துருத்தியிருந்தால் மட்டும் ரொம்ப யோசிக்க வேண்டும், வளையம் கிழிவது பெரும்பாலும் அங்கேதான்.

எக்கோவில் எல்லாம் சரியாக இருந்தும் பிரஷர் இறங்கினால், ரத்தம் கசிகிறதா என்று தொடை தமனியையும் வயிற்றின் பின்புறத்தையும் பார்க்கவும். ஷீத்தை (தொடை தமனியில் செருகிய குழாயை) உருவும்வரை எதிர்த்தொடையிலிருந்து ஒரு வயரைக் கடத்தி வைத்திருந்தால், பலூனால் மேலே அடைத்துக்கொண்டு கவர்டு ஸ்டென்ட் (உறை போர்த்திய ஸ்டென்ட்) வைக்க நேரம் கிடைக்கும்.