ஒரே ரோஸ் நிறம், வேறு வேறு சேதி

காரம் பட்டால் ரோஸ் ஆகும் சாயம் பினாப்தலீன். அதன் கரைசலைக் கான்கிரீட்டில் அடித்து அது ரோஸ் ஆனால் நல்ல சேதி. அதே பினாப்தலீனைப் பெயின்ட்டில் கலந்து அலுமினியத் தகட்டில் பூசி, அங்கே ரோஸ் தெரிந்தால் கெட்ட சேதி. சேதத்தை முன்கூட்டியே நிறத்தால் காட்டும் 'ஸ்மார்ட்' பொருள்களைப் பற்றி எதைப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இந்த நிறம் எதற்கு மாறுகிறது? அடுத்தது: வேறு எதற்கும் மாறிவிடுமா? மதுரை வெயிலில் இரண்டாவது கேள்விக்குத்தான் பல பொருள்கள் தோற்கின்றன.

கான்கிரீட்டிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் இதை இன்றைக்கே செய்துபார்க்க முடியும். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பது அதைச் சுற்றியுள்ள காரத்தால். காரம் கூடக் கூட ஏறும் அளவு பி.எச்.; நல்ல கான்கிரீட்டில் அது 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிக் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே நுழைந்து, சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட் ஆக்கிக்கொண்டே வரும். பி.எச். 9 பக்கம் இறங்கிவிட்டால் படலம் நிற்காது. பினாப்தலீன் நிறம் மாறுவதோ 8.2-க்கும் 10-க்கும் நடுவில். கம்பிக்கு எது தேவையோ அதையே ஏறத்தாழ இந்தச் சாயமும் பார்க்கிறது. சோதனை இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் அதுதான்.

1 கிராம் பினாப்தலீன் தூளை 70 மில்லி ஆல்கஹாலில் முழுக்கக் கரைத்துவிட்டு, பிறகு 30 மில்லி காய்ச்சி வடித்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். தண்ணீரில் முதலில் போட்டால் தூள் கரையாமல் மிதக்கும். எத்தனாலுக்கு லைசென்ஸ் கேட்பார்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலே போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் பீடி வேண்டாம்.

சிமென்ட் பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு, உளி வைத்துக் கான்கிரீட்டில் ஒரு சில்லைப் பெயர்க்கவும். தூணின் மூலையில் இரண்டு முகத்திலிருந்தும் வாயு நுழைந்திருக்கும். அங்கே அளந்தால் ஆழம் கூடுதலாகத் தெரியும், கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். பீமில் கை வைக்க வேண்டாம். உடைத்த முகத்தைக் கழுவவே கூடாது. கழுவினால் உள்ளே இருக்கும் சுண்ணாம்பு கரைந்து வெளிப்பக்கம் பரவி, கெட்டுப்போன இடமும் ரோஸ் காட்டும். டிரில் போட்ட ஓட்டையிலும் இதே கோளாறு, தூள் சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும். தூசியை ஊதிவிட்டு, வழியாத அளவுக்கு லேசாக ஸ்பிரே செய்து, வெளி முகத்திலிருந்து ரோஸ் தொடங்கும் கோடு வரை ஸ்கேல் வைத்து நாலைந்து இடத்தில் அளக்கவும். ஜல்லி நிறம் மாறாது, அதை விட்டுவிடலாம். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்டில் சுண்ணாம்பு குறைவு என்பதால் ரோஸ் கொஞ்சம் வெளிறித் தெரியலாம், பயப்பட வேண்டாம்.

இப்படி அளந்த ஆழம் வருடங்களின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும். 16 வருட வீட்டில் 12 மி.மீ. என்றால், 12-ஐ 16-இன் வர்க்கமூலமான 4-ஆல் வகுக்க 3. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சிலாபுக்குக் கேட்கும் குறைந்தபட்ச கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன், 20 மி.மீ.; அதை எட்ட 20-ஐ 3-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் கட்டியதிலிருந்து சுமார் 44 வருடம். கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் இல்லாமல், ஜல்லியைக் கம்பிக்கு அடியில் செருகி ஒப்பேற்றிய சிலாபில் கவர் 10 மி.மீ.தான் என்று வையுங்கள்: 11 வருடத்திலேயே கோடு கம்பியைத் தொட்டிருக்கும். இதே சிமென்ட், இதே கொத்தனார், வித்தியாசம் அந்த ஒரு சின்னக் கட்டைதான்.

காற்றின் ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம் இருக்கும்போது சுண்ணாம்பு கார்பனேட் ஆவது வேகமாக நடக்கும். மழை படும் இடத்தைவிட, மழையே படாத போர்டிகோ சிலாபின் அடிப்பக்கம் முந்திக்கொள்ளும். ஆனால் துரு பிடிக்க ஈரமும் வேண்டும். ஆகவே கோடு கம்பியைத் தாண்டிய இடத்தில் மேலே பாத்ரூம் கசிவும் இருந்தால்தான் அவசரம்.

பினாப்தலீன் உப்பைப் பார்க்காது. ராமநாதபுரம் கடலோரத்தில் உவர்நீர் ஊற்றிக் கட்டிய வீட்டில் உடைத்த முகம் முழுக்க அழகாக ரோஸ் ஆகும். கம்பி உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். அங்கே 0.1 நார்மல் சில்வர் நைட்ரேட் கரைசல் வேண்டும். குளோரைடு உள்ள பகுதி வெளுக்கும், இல்லாத பகுதி பழுப்பாகும்.

பெயின்ட்டில் கதை தலைகீழ். உலோகம் அரிக்கும்போது ஒரு புள்ளி கரைகிறது, பக்கத்துப் புள்ளியில் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து ஹைட்ராக்சைடு உண்டாகிறது. காரம் ஏறுவது இந்தப் பக்கத்துப் புள்ளியில். அதனால் பினாப்தலீன் கலந்த பூச்சில் ரோஸ் தெரியும் இடத்துக்கு நேர் கீழே குழி இருக்காது, ஓரமாகத் தள்ளி இருக்கும். சுரண்டிப் பார்ப்பவர்கள் ரோஸின் நடுவில் தேடி ஒன்றுமில்லை என்று விட்டுவிடக் கூடாது. 1999-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு அக்ரிலிக் பூச்சில் இந்த வழியைக் காட்டியது.

விரிசலையே நேராகக் காட்டுவது இல்லினாய் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட முறை. டைகுளோரோஃப்ளூரசீன் சாயத்தை நுண்குமிழிகளில் அடைத்து எபாக்சியில் கலக்கிறார்கள். விரிசல் குமிழியை உடைத்ததும், எபாக்சியில் மிச்சமிருக்கும் அமீனோடு சாயம் சேர்ந்து வெளிர் மஞ்சளிலிருந்து பளிச்சென்ற சிவப்புக்கு மாறும். கவனியுங்கள், மிச்ச அமீன் என்பது எபாக்சியை இறுக வைக்கும் ஹார்டனரிலிருந்து வருவது. சைட்டில் கண்ணளவாக ஹார்டனரைக் குறைத்து ஊற்றும் பழக்கம் இருக்கும்வரை, விரிசல் விழுந்தும் சிவப்பு வராத பூச்சு கிடைக்க எல்லா வாய்ப்பும் உண்டு. குமிழியின் தோல் தடித்துவிட்டால் விரிசல் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். உடைந்த குமிழி ஒரு முறைதான் பேசும் என்பது குறையில்லை, பராமரிப்புக்கு அதுதான் வசதி.

அதே குழுவினர் 2009-இல் காட்டிய ஸ்பைரோபைரான் என்ற சாயம் இன்னும் நுட்பமானது. மூலக்கூறில் ஒரு பிணைப்பு இழுவிசையால் திறந்து நிறம் வரும். ஆனால் அதே பிணைப்பைப் புற ஊதா ஒளியும் திறக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளி திரும்ப மூடும். வெயிலில் நிற்கும் பாலத்துக்கு இப்படியே பூசினால் பளுவைக் காட்டுகிறதா, பகலைக் காட்டுகிறதா என்று சொல்ல முடியாது.

ஜப்பானின் நிம்ஸ் என்ற பொருளறிவியல் ஆய்வு நிறுவனத்தில் செய்த ஒபால் படலத்தில் சாயமே இல்லை. சிலிக்கோன் ரப்பருக்குள் நுண்மணிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். அடியிலுள்ள உலோகம் நீண்டால் படலம் மெலிந்து, அடுக்குகளின் இடைவெளி குறைந்து, சிவப்பு பச்சையாகும். வெளுக்கச் சாயம் கிடையாது என்பதால் நம் ஊருக்கு இது தேவலை. ஒரே சிக்கல், சாய்த்துப் பார்த்தாலும் நிறம் மாறும். எப்போதும் ஒரே கோணத்தில் படமெடுத்து ஒப்பிட வேண்டும்.

இந்த வகைப் பூச்சு எதையும் வாங்குவதற்கு முன், வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்து படும் இடத்தில் தகடுகளைத் தொங்கவிட்ட முடிவைக் கேளுங்கள். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான செக்ரிக்கு மண்டபத்தில் அப்படிப்பட்ட கடலோரச் சோதனைத் தளமே இருக்கிறது.

கப்பலூர்ப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இப்போதே பயன்படுவது இரண்டு. பேனலில் மின்சாரம் கடத்தும் உலோகப் பட்டையான பஸ்பாரின் இணைப்பில் ஒட்டும் வெப்ப ஸ்டிக்கர்: சூடு தாண்டியதும் கறுத்து, ஆறினாலும் திரும்பாத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். திரும்பும் வகை, ஆள் வந்து பார்க்கும் காலை நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். வெளியிலேயே 40 டிகிரி அடிக்கும் சித்திரையில் தகரக் கூரைக்கு அடியிலிருக்கும் பேனலுக்கு 50 டிகிரி ஸ்டிக்கர் வீண்.

மற்றது டிரான்ஸ்பார்மர் பிரீதர், உள்ளே போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குடுவை. நீல சிலிக்கா ஜெல்லில் இருக்கும் கோபால்ட் குளோரைடு ஈரம் பட்டால் ரோஸ் ஆகும். புற்றுநோய் அபாயம் என்பதால் இப்போது ஆரஞ்சிலிருந்து பச்சையாகும் வகையும் வருகிறது. காற்று கீழே எண்ணெய்க் கிண்ணம் வழியாக நுழைவதால் ஜெல் கீழிருந்துதான் நிறம் மாற வேண்டும். மேலே முதலில் மாறினால் ஜெல்லை மாற்றிப் பயனில்லை: மேல் கேஸ்கட்டில் காற்று கசிகிறது, முதலில் அதை இறுக்குங்கள்.