சிரிப்பு பொம்மையைப் பேய்க்குரலாக்க

அக்டோபர் 31 ஹாலோவீனுக்கு வாசலில் பேய் முனக வேண்டுமா? சித்திரைத் திருவிழாக் கடைகளில் விற்கும் சிரிப்பு பொம்மையே போதும். பேட்டரியில் ஓடுவதை மட்டும் திறவுங்கள்; கரண்டில் சொருகுவதைத் தொடவே வேண்டாம்.

உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் கறுப்புப் பிசின் பொட்டுக்கு அடியில்தான் சிப் இருக்கும். அதையொட்டி 100 முதல் 300 கிலோ ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) இருந்தால் அதிர்ஷ்டம், பெரும்பாலும் அதுதான் குரலின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. சந்தேகமா? பொம்மை சிரிக்கும்போது ஈர விரலால் அதன் இரு முனையையும் தொடுங்கள். குரல் கீச்சென்று ஏறினால் அதேதான். ரெசிஸ்டரே இல்லாத போர்டில் மெனக்கெட வேண்டாம், வேறு பொம்மை வாங்குங்கள்.

ரெசிஸ்டரின் ஒரு காலைத் தூக்கி, அந்தக் காலுக்கும் போர்டுக்கும் நடுவே 1 மெகா ஓம் வால்யூம் கன்ட்ரோலைத் தொடராக சால்டர் செய்யுங்கள். பழைய ரெசிஸ்டரை எடுத்துவிடாதீர்கள்; அது இல்லாமல் குமிழைக் கடைசிவரை திருப்பினால் தடை பூஜ்யமாகி சிப் நின்றுவிடும். திருகத் திருக, கீச்சுச் சிரிப்பு அடித்தொண்டை உறுமலாக இறங்கும். பாதியில் உறைந்தால் பேட்டரியைக் கழற்றி மாட்டுங்கள்.

மூன்று பட்டன் செல்லுக்குப் பதில் மூன்று பென்சில் பேட்டரி போடுங்கள். அதே 4.5 வோல்ட்தான், ஆனால் இரவு முழுக்கத் தாங்கும். 8 ஓம் ஸ்பீக்கரை மாற்றி 4 ஓம் போட்டால் ஸ்பீக்கரை ஓட்டும் டிரான்சிஸ்டர் சுடும். சத்தம் கூட வேண்டுமென்றால் அதே ஸ்பீக்கரை மானாமதுரை மண்பானை வாயில் ஒட்டுங்கள்.