மல்லிகைத் தோட்டத்து பேட்டரி

மே 5, 2025

மேலூர்ப் பக்கம் சித்தப்பாவின் மல்லிகைத் தோட்டத்தில் மண் ஈரம் பார்க்கும் கருவி வைக்கப்போகிறோம். அங்கே மின் இணைப்பு இல்லை. 6 வோல்ட் சோலார் பேனலும் 500 மில்லி ஆம்பியர் மணி லித்தியம் பாலிமர் பேட்டரியும் கைவசம் இருக்கின்றன. "வெயில்தான் கொட்டுகிறதே அண்ணே, பேனல் வயரை நேராக பேட்டரியில் கொடுத்தால் என்ன?" என்று கேட்டான் தம்பி. மல்ட்டிமீட்டரை அவன் கையிலேயே கொடுத்தேன். வெறும் பேனல் 7.1 வோல்ட் காட்டியது. பேட்டரியோ 4.2 வோல்ட்டில் நிறைந்துவிடும். நடுவில் தடுக்க ஆளில்லாவிட்டால் நிறைந்த பிறகும் மின்சாரம் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். வாயு சேர்ந்து உறை உப்பும், தீயும் பிடிக்கும். அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மே 7

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று 4.2 வோல்ட்டில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் டி.பி. 4056 சிப் உள்ள சின்ன சார்ஜிங் போர்டு வந்துவிட்டது. மலிவானது, நல்லதும்கூட. ஆனால் மின்னோட்டத்தின் அளவை முடிவுசெய்யும் ரெசிஸ்டர் 1.2 கிலோ ஓமாக வருவதால் ஒரு ஆம்பியர் கொடுக்கும். நம் பேட்டரிக்கு அது இரண்டு மடங்கு வேகம்; பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவோ அதைத் தாண்டாத மின்னோட்டம்தான், அதாவது இதற்கு 500 மில்லி ஆம்பியர் வரைதான், பொதுவாகப் பாதுகாப்பு. கடுகைவிடச் சற்றே பெரிய அந்த ரெசிஸ்டரைக் கழற்றி 3 கிலோ ஓம் வைத்துப் பற்றவைத்தேன். இப்போது 400 மில்லி ஆம்பியர்.

மே 8

மேசையில் வைத்து சார்ஜ் ஏற்றிப் பார்த்தோம். 4.2 வோல்ட்டை எட்டும்வரை ஒரே மின்னோட்டம். பிறகு வோல்ட்டேஜ் அப்படியே நிற்க, மின்னோட்டம் மெல்ல இறங்கி, பத்தில் ஒரு பங்கானதும் நின்றது.

மே 11

எனக்குக் கவலையெல்லாம் அக்னி நட்சத்திர வெயில்தான். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. பேனலின் முதுகில் ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் மதியம் தெர்மாமீட்டர் வைத்தேன்: 58. கடைகளில் விற்கும் சோலார் விளக்குகள் பலவற்றில் பேட்டரி இருப்பது அதே இடத்தில்தான். நினைத்தாலே கோபம் வருகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். பேட்டரியின் சூட்டைப் பார்க்க அந்த சிப்புக்கு ஒரு கால் உண்டு. போர்டில் அதை எர்த்தில் இணைத்து முடக்கிவைத்திருக்கிறார்கள். ஊசியால் அந்தக் காலைத் தூக்கி, பேட்டரியின் மேல் ஒட்டிய தெர்மிஸ்டரையும் (சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் உறுப்பு) இரண்டு ரெசிஸ்டர்களையும் இணைத்தேன். சூடு மிஞ்சினால் இனி சார்ஜ் தானாக நிற்கும்.

மே 12

தம்பியின் நண்பன் பழைய பொம்மை டிரோனின் பேட்டரியைக் கொண்டுவந்தான், வயிறு உப்பியிருந்தது. அழுத்திப் பார்க்கப் போன அவன் கையைத் தட்டிவிட்டேன். அழுத்தவும் குத்தவும் கூடாது, மறுபடி சார்ஜ் ஏற்றவே கூடாது. மணல் நிரப்பிய மண்சட்டியில் வைத்து வாசலுக்கு வெளியே தள்ளிவைத்தோம். மின்கழிவு வாங்குபவரிடம் போகும்.

மே 18

பேனல் வெயிலில், பேட்டரி கிணற்றடி ஓட்டுக் கொட்டகை நிழலில். இடையே தடித்த வயர். மெல்லியதாக இருந்தால் வழியிலேயே வோல்ட்டேஜ் இறங்கிவிடும். மாலையில் பேட்டரி 4.18 வோல்ட், தொட்டால் லேசான வெதுவெதுப்பு மட்டுமே.

வடக்கு வயலுக்கும் ஒன்று வேண்டுமாம். வீட்டில் கிடக்கும் 12 வோல்ட் பேனலை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் சித்தப்பா. இந்த சிப் 8 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. அதற்கு வேறு போர்டு வாங்க வேண்டும்.