குளிப்பாட்டுவதற்கு முன்

கொழும்பில் ஒரு வீட்டில் ஒருவர் எதிர்பாராமல் இறந்துகிடந்தால் வீட்டாருக்கு முதலில் நினைவு வருவது பிரேதத்தைப் பொறுப்பேற்கும் மலர்ச்சாலை. வெக்கை, கனடாவிலிருந்து மகன் வந்துசேர மூன்று நாளாகும், உடல் கெடாமலிருக்கத் திரவம் ஏற்றி எம்பாம் செய்துவிட்டால் நிம்மதி என்று தோன்றும். இயற்கையானதென்று உறுதியாகாத மரணத்தில் இதைவிடப் பெரிய சேதம் இல்லை. எம்பாம் திரவத்தில் போமலினோடு பெரும்பாலும் மெதனோல் என்ற ஒருவகை மதுசாரமும் இருக்கும். அது ஏறிய உடலில் மதுசாரத்தின் அளவை நம்பிச் சொல்ல முடியாது. சயனைட்டையும் போமலின் சிதைத்துவிடும். திரவம் ஏற்றுவதற்காகத் தொடையிலும் கழுத்திலும் போடும் வெட்டு, வயிற்றுக்குள் செருகும் குழாயின் துளை எல்லாம் உண்மையான காயங்களோடு கலந்துபோகும். குளிப்பாட்டி உடுப்பு மாற்றுவதும் அப்படித்தான். முதலில் பொலிஸுக்கு அறிவியுங்கள்.

தற்கொலை, விபத்து, விலங்காலோ இயந்திரத்தாலோ நேர்ந்த சாவு, காரணம் தெரியாத திடீர்ச் சாவு ஆகியவற்றை, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 370ஆம் பிரிவு மரண விசாரணை அதிகாரியிடம் ஒப்படைக்கிறது. பொலிஸ் காவலிலோ சிறையிலோ இறந்தால் 371இன் கீழ் நீதவான் விசாரிக்க வேண்டும். பிரேத பரிசோதனையில் சட்ட வைத்திய அதிகாரி சொல்வது இறப்பின் மருத்துவக் காரணத்தை. தற்கொலையா கொலையா என்ற முடிவு விசாரணைக்குரியது. செய்திகளில் இந்த இரண்டும் ஓயாமல் குழம்புகின்றன.

தூக்கில் தொங்குபவரை, உயிர் இருக்கலாமென்று உடனே இறக்குவதுதான் சரி. அதில் தயங்கவே கூடாது. ஆனால் கயிற்றை முடிச்சுக்கு எட்டவாக அறுங்கள், முடிச்சை அவிழ்க்காதீர்கள். தொங்கியவரின் கழுத்தில் தடம் பெரும்பாலும் மேலாக, சரிவாக ஏறி, முடிச்சருகே விட்டுப்போயிருக்கும். கயிற்றால் இறுக்கப்பட்டவரில் அது தாழ்வாக, கிடையாக, கழுத்தைச் சுற்றி முழுமையாக இருப்பதே வழக்கம். கழுத்தைத் திறப்பதற்கும் ஒழுங்கு உண்டு. முதலில் மூளையையும் நெஞ்சுறுப்புகளையும் எடுத்து, கழுத்து நாளங்களிலுள்ள இரத்தம் வடிந்த பிறகே, தசைகளைப் படைபடையாக உரிக்க வேண்டும். அவசரப்பட்டால் கசிந்த இரத்தம், அடிபட்டு இரத்தம் கட்டிய கண்டல் போலத் தெரியும். நெரிக்கப்படாதவர் அறிக்கையில் நெரிக்கப்பட்டவராகிவிடுவார். ஒரு குடும்பத்தில் யாரோ சிறைக்குப் போகும் அளவுக்குப் பாரதூரமான தவறு இது.

எத்தனை மணிக்கு இறந்தார் என்று எல்லோரும் கேட்பார்கள். உடல் குளிரும் வேகத்தை வைத்துப் போடும் குளிர்நாட்டுப் பாடநூல்களின் கணக்கு இங்கே உதவாது. உடல் 37 பாகை, அறை 30 பாகை என்றால் குறைவதற்கு இருப்பதே 7 பாகைதான். விறைப்பும் சீக்கிரம் வந்து சீக்கிரம் விலகும். அடிவயிற்றின் வலப்பக்கம் ஒரு நாளுக்குள்ளேயே அழுகலின் பச்சை நிறம் காட்டலாம். உடலை மட்டும் பார்த்து மணிக்கணக்காக அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள்.

நஞ்சுச் சோதனைக்கான இரத்தத்தை இதயத்திலிருந்து மட்டும் எடுத்தால் போதாது. இறந்த பின் ஈரலிலும் நுரையீரலிலும் தேங்கிய மருந்து அங்கே கசிந்து அளவை உயர்த்திக் காட்டும். தொடை நாளத்திலிருந்து எடுத்து, சோடியம் புளோரைட் இட்ட குப்பியில் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் குப்பிக்குள்ளேயே கிருமிகள் மதுசாரம் உண்டாக்கும். ஈரல் துண்டையும் இரைப்பையில் இருந்ததையும் போமலினில் போட்டு அரசாங்க பகுப்பாய்வாளருக்கு அனுப்புவது வீண்வேலை. உடுப்புகளை நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனிக் கடதாசி உறையில் இட வேண்டும். பொலித்தீனில் பூஞ்சணம் பிடித்து மரபணுத் தடயம் அழியும்.

வீட்டார் கொடுக்க வேண்டியவை கிளினிக் கொப்பி, மாத்திரை அட்டைகள். கிருமிநாசினிப் போத்தலோ வாந்தி பட்ட துணியோ கிடந்தால் கிடந்த இடத்திலேயே விட்டுக் காட்டுங்கள். சந்தேகம் தீராவிட்டால் தகனம் வேண்டாம், அடக்கம் செய்யுங்கள். நீதவானின் உத்தரவில் தோண்டி எடுத்து மறுபடி பரிசோதிக்கலாம். எலும்பு முறிவும் ஆசனிக் போன்ற நஞ்சும் ஆண்டுகள் கழிந்தும் அகப்படும். கழுத்துத் தசையிலுள்ள கண்டல் அழுகத் தொடங்கியதுமே மங்கிவிடும்.