ஒரு கால் மட்டும் வீங்கியபோது

எனக்கு ரெட்டைப் பிள்ளை என்று ஸ்கேனில் தெரிந்ததிலிருந்து வீட்டில் என்னை நடக்கவே விடவில்லை. பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர். "அலையாதே, படு" என்பார் அத்தை. பாசம்தான். ஆனால் பிறகு என் காலில் ரத்தம் கட்டியதற்கு அப்படிப் படுத்தே கிடந்ததும் ஒரு காரணமாகியிருக்கலாம் என்று பின்னால் தெரிந்தது.

31-வது வாரம் இடது கால் வீங்கியது. கெண்டைக்காலில் இழுத்துப் பிடிக்கிற வலி. முதலில் பார்த்த இடத்தில், ரெட்டைக்கு வீக்கம் வரும், உப்பைக் குறை என்று அனுப்பிவிட்டார்கள். ஊசி போட வந்த கிராம நர்ஸம்மாதான் இரண்டு காலையும் சேர்த்துப் பார்த்தார். தையல் டேப்பால் அளந்தார். இடது கெண்டை 4 செ.மீ. அதிகம். "ரெண்டு காலும் வீங்கினா வேற, ஒண்ணு மட்டும் வீங்கினா வேற. இன்னிக்கே கிளம்பு" என்றார்.

தர்மபுரியில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். தொடை ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி. ரத்தக்கட்டி இருக்குமா என்று பார்க்கிற டி-டைமர் ரத்தப் பரிசோதனை போதாதா என்று வீட்டுக்காரர் கேட்டார். கர்ப்பத்தில் அது எல்லோருக்குமே கூடித்தான் இருக்கும், அதை நம்பி முடிவெடுக்க முடியாது என்றார் டாக்டரம்மா. பிரசவத்தில் ரத்தம் வீணாகாமல் இருக்க உடம்பே முன்கூட்டி ரத்தத்தை உறையும் பக்கம் சாய்த்து வைக்கிறதாம். ரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரினோஜென் ஏறும், உறையாமல் தடுக்கும் புரோட்டீன் எஸ் இறங்கும். ரெட்டை என்றால் ஆபத்து இன்னும் கூடுதல். கருப்பையும் பெரிது, காலிலிருந்து ஏறும் ரத்தத்தை அமுக்கும். கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடச் சொன்னார்.

ரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பாரின் வகை ஊசி, எடைக்கேற்ற அளவு. எனக்கு 60 மி.கி., 12 மணிக்கொரு தடவை, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து. பிள்ளைகளுக்குப் போகாது என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. முதல் நாள் கை நடுங்கி அழுதேன். மூன்றாம் நாள் நானே போட்டுக்கொண்டேன். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. தேய்த்த அன்று உள்ளங்கை அளவு கன்றிப்போனது.

36-வது வாரம் ஆபரேஷன். முதுகில் மயக்க ஊசி போட வேண்டும் என்பதால் ஹெப்பாரின் ஊசியை 24 மணி நேரம் முன்பே நிறுத்தினார்கள். அந்த ஒரு நாள்தான் எனக்குப் பெரும் பயம். இரண்டும் பெண், நலம்.

பிரசவம் முடிந்ததும் ஊசியும் முடிந்தது என்று நினைத்திருந்தேன். பிள்ளை பெற்ற பிறகான ஆறு வாரம்தான் இன்னும் கவனம் வேண்டிய காலமாம். பால் கொடுத்தபடியே மேலும் இரண்டு மாதம் போட்டேன். அடுத்து எந்தப் பிரசவமானாலும் முதல் செக்கப்பிலேயே இதைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அட்டையின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.