மஞ்சள் நோட்டீஸ் விட்டால் கடன் தீர்ந்துவிடுமா?

தீராது. நோட்டீஸ் விட்ட அன்றும் தீராது, ஐ.பி. (இன்சால்வன்சி பெட்டிஷன்) எனும் திவால் மனுவுக்கு நீதிமன்றத்தில் நம்பர் ஆன அன்றும் தீராது, நீங்கள் திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்த அன்றும் தீராது. கடைசியில் ‘டிஸ்சார்ஜ்’ உத்தரவு வரும்போதுதான் விடுதலை. அதுவும் எல்லாக் கடனிலிருந்தும் இல்லை. "ஐ.பி. போட்டுடு, ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்" என்று யாரோ சொன்னதை நம்பி இறங்குகிறவர்களுக்கு இந்த ஒரு விஷயம்தான் சொல்லப்படாமல் போகிறது. அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறோம்.

எந்தச் சட்டத்தில் மனு போடுவது?

சென்னை நகருக்குள் வசிப்பவர் என்றால் 1909ஆம் ஆண்டின் மாநகரங்களுக்கான திவால் சட்டம். மனு உயர் நீதிமன்றத்தில், சொத்தை நிர்வகிப்பவர் அபிஷியல் அசைனி. தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண திவால் சட்டம். மனு மாவட்ட நீதிமன்றத்தில் அல்லது அதிகாரம் தரப்பட்ட சார்பு நீதிமன்றத்தில், சொத்து அபிஷியல் ரிசீவர் கைக்குப் போகும். கீழே சொல்வதெல்லாம் 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி.

"2016இல் புதுச் சட்டம் வந்ததே, 35,000 ரூபாய் வரை கடன் இருந்தால் அப்படியே தள்ளுபடியாமே?" என்று கேட்பவர்கள் நிறைய. அந்தப் பிரிவு புத்தகத்தில் இருக்கிறது: ஆண்டு வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, சொந்த வீடும் இருக்கக்கூடாது. ஆனால் சாதாரண தனிநபர்களுக்கு அது இன்னும் அமலுக்கே வரவில்லை. நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும், 2019 டிசம்பர் 1 முதல், புதுச் சட்டத்தின் தனிநபர் பகுதி பொருந்துகிறது. இதைக் காட்டி உங்களிடம் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

வக்கீலைப் பார்க்கும் முன் ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் வாங்கியது, எதைக் கொடுத்து வாங்கியது. கடைசி விவரம்தான் முக்கியம். வீட்டை அடமானம் வைத்ததா, நகையை வைத்ததா, வெறும் புரோநோட்டா, செக் கொடுத்ததா, யாராவது ஜாமீன் போட்டார்களா? ஐ.பி. உங்களுக்கு உதவுமா என்பதை இந்தத் தாளே பெரும்பாலும் சொல்லிவிடும்.

புரோநோட்டு, கைமாற்று, கிரெடிட் கார்டு, பர்சனல் லோன், கடைச் சரக்குப் பாக்கி, சீட்டுப் பாக்கி என்று ஈடில்லாத கடன்களே அதிகம் என்றால் ஐ.பி.க்குப் பொருள் உண்டு. வீட்டுக் கடனும் நகைக் கடனும்தான் பெரிய பங்கு என்றால் அநேகமாகப் பயன் இல்லை. ஈடு வாங்கியவரின் உரிமையை திவால் உத்தரவு தொடாது. 1 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டு அடமானக் கடன் 90 நாள் நிலுவையில் நின்று வாராக்கடன் ஆகிவிட்டால், வங்கி 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வீட்டைக் கைப்பற்றும் வழிக்குப் போகலாம். அந்த நோட்டீஸுக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் தர வேண்டும். கைப்பற்றும் நடவடிக்கை தொடங்கினால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அந்த 45 நாளை ஐ.பி. வேலையிலேயே கழித்துவிட்டு வீட்டை விடுகிறவர்கள் உண்டு.

செக் கேஸ் என்ன ஆகும்?

ஐ.பி. அதை நிறுத்தாது. செக் திரும்பிய வழக்கு குற்ற வழக்கு. 2 ஆண்டு வரை சிறை, செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் கடன் கொடுத்தவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து பணம் கட்ட 15 நாள் உண்டு. கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் புகார் போட வேண்டும். எனவே நோட்டீஸ் வந்த உறையை எறியாதீர்கள். தபால் முத்திரைத் தேதியும் நீங்கள் பெற்ற தேதியும் வழக்கில் பேசும். இந்த வழக்குகளை எந்தக் கட்டத்திலும் சமரசத்தில் முடிக்கலாம். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் அதை முதலில் இங்கே திருப்புவதுதான் எங்கள் கருத்து. ஆனால் கீழே முன்னுரிமை பற்றிச் சொல்வதைப் படித்துவிட்டு, வக்கீலிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மனுவில் என்ன எழுத வேண்டும், எங்கே கோட்டை விடுகிறார்கள்?

கடனாளியே போடும் மனுவுக்குக் கடன் குறைந்தது 500 ரூபாய் இருந்தால் போதும். நூறாண்டுக்கு முன் வைத்த தொகை, இன்னும் மாறவில்லை. கடனுக்காகக் கைதாகியிருந்தாலோ, சொத்து ஜப்தி உத்தரவு நிலுவையில் இருந்தாலோகூடப் போடலாம். மனுவில் வசிக்கும் இடம், கடன் கொடுத்த ஒவ்வொருவரின் பெயர், முகவரி, தொகை, உங்கள் சொத்து ஒவ்வொன்றின் விவரம், மதிப்பு, அது இருக்கும் இடம், அவற்றை நீதிமன்றத்தின் வசம் ஒப்படைக்கச் சம்மதம், முன்பு இப்படி மனு போட்டதுண்டா என்ற தகவல், எல்லாம் இருக்க வேண்டும். போட்ட மனுவை நீதிமன்ற அனுமதியில்லாமல் திரும்பப் பெறவும் முடியாது.

தொந்தரவு தருகிற நாலு பேரை மட்டும் எழுதிவிட்டு, மைத்துனரிடம் வாங்கிய 2 லட்சத்தை விட்டுவிடுவார்கள். சொந்தக்காரர் கடனும் கடன்தான். விசாரணையில் அது வெளியே வந்தால், மறைத்தவர் என்ற பெயர் கடைசிவரை கூடவே வரும்.

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடிப்பது ஒரே இடம்: "வாங்கிய பணம் எங்கே போனது?" கட்ட முடியவில்லை என்பதற்கு முதல்நோக்கில் ஏற்கத்தக்க ஆதாரம் காட்டினால் மனுதாரருக்குப் போதும். ஆனால் பணம் போன வழிக்குக் கணக்கு இல்லையென்றால், இங்கே தப்பினாலும் டிஸ்சார்ஜில் மாட்டுவீர்கள். மூன்று ஆண்டு வங்கிக் கணக்கு விவரம், வியாபாரம் இருந்தால் கணக்குப் புத்தகம், மருத்துவமனை பில், வில்லங்கச் சான்று, ஆர்.சி. புத்தகம், அடகு ரசீது, வந்த நோட்டீஸ்கள், எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள்.

மனு போட்ட உடனே தொல்லை நிற்குமா?

தானாக நிற்காது. திவால் அறிவிப்பு வந்த பிறகுதான் கடன் கொடுத்தவர்கள் நீதிமன்ற அனுமதியில்லாமல் புது வழக்குப் போடவோ சொத்தைத் தொடவோ முடியாது. கைதிலிருந்து பாதுகாப்பு வேண்டுமென்றால் அதற்குத் தனி மனு போட வேண்டும். இடையில் உங்கள் சொத்து, தீர்ப்பை நிறைவேற்றக் கடன்காரர் போட்ட மனுவில் ஏலத்துக்கு வருகிறதா? ஐ.பி. விசாரணைக்கு ஏற்கப்பட்ட விவரத்தை ஏலத்துக்கு முன்பே அந்த நீதிமன்றத்தில் கொடுத்து, சொத்தை ரிசீவரிடம் ஒப்படைக்கும்படி மனு செய்ய வேண்டும். ஏலம் முடிந்தபின் கொண்டுபோனால் பயனில்லை.

வசூல் ஆட்கள் விஷயத்துக்கு ஐ.பி. தேவையே இல்லை. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் பாக்கிக்காக அழைக்கக்கூடாது, மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். கந்துவட்டிக்காரர் என்றால் 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டப்படி காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

ஜெயிலில் போடுவார்களா?

கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றமல்ல. சிவில் தீர்ப்பை நிறைவேற்றக் கைது செய்ய வழி உண்டு. ஆனால் வசதி இருந்தும் ஏமாற்றுகிறார் என்று காட்ட வேண்டும். வெறும் ஏழ்மை போதாது என்று உச்ச நீதிமன்றம் 1980லேயே சொல்லிவிட்டது. அதிகபட்சம் 3 மாதம். பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். போனில் "போலீஸ் வந்துகொண்டிருக்கிறது" என்கிற மிரட்டலுக்கு நடுங்கி யாரும் தவறான முடிவெடுக்க வேண்டியதில்லை.

எதை எடுத்துக்கொள்வார்கள், எது மிஞ்சும்?

சொத்து ரிசீவர் வசம் போகும். டிஸ்சார்ஜ் ஆகும் முன் உங்களுக்கு வரும் பாகப் பங்கும் சேர்த்துத்தான். ஆனால் சிவில் நடைமுறைச் சட்டம் ஜப்தியிலிருந்து விலக்கியவை உங்களுடையவை: உடுப்பு, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் கருவிகள், பி.எஃப்., அரசு ஓய்வூதியம், ஆயுள் காப்பீட்டுப் பணம். சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை, அதாவது தாலி போன்றவை, அந்தப் பட்டியலில் உண்டு. மனைவியின் சீதன நகை கணவனின் சொத்தே அல்ல.

சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. பிடித்தத்துக்குக் கணக்கில் வரும் சம்பளம் 40,000 என்றால் 39,000இல் மூன்றில் ஒரு பங்கு, மாதம் 13,000 வரை பிடிக்கலாம். 24 மாதம் பிடித்தால் அந்தத் தீர்ப்புக்காக மறுபடி பிடிக்க முடியாது.

வீட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டு மனு போடலாமா?

கூடவே கூடாது. மாற்றிய 2 ஆண்டுக்குள் மனு போடப்பட்டுத் திவால் அறிவிப்பு வந்தால், உரிய விலையும் நல்லெண்ணமும் இல்லாத அந்த செட்டில்மென்ட் பத்திரத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். வில்லங்கச் சான்று எடுத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மனுவுக்கு முந்தைய 3 மாதத்தில் மற்றவர்களைவிட ஒருவருக்கு முன்னுரிமை தரும் நோக்கத்தில் பணம் கொடுத்திருந்தால் அதையும் திரும்பப் பிடிக்கலாம். சொத்தையோ கணக்கையோ மறைப்பது 1 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். நேர்மையாகப் போட்டிருந்தால் நின்றிருக்கும் மனுக்கள் இந்த ஒரு பத்திரத்தால் கெடுகின்றன.

டிஸ்சார்ஜ்

திவால் அறிவிக்கும் உத்தரவிலேயே, எத்தனை மாதத்துக்குள் டிஸ்சார்ஜுக்கு மனு செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்தக் கெடுவைத் தவறவிட்டு, நீட்டிப்பும் கேட்காவிட்டால் அறிவிப்பே ரத்தாகும். பட்ட பாடெல்லாம் வீணாகி, கடன்காரர்கள் பழையபடி வாசலுக்கு வருவார்கள். "உத்தரவு வந்தாச்சே" என்று நிம்மதியாக இருந்துவிடுவதுதான் ஐ.பி.யில் நடக்கும் மிகப் பெரிய தவறு. உத்தரவு நகலை வாங்கிய அன்றே கெடுத் தேதியை காலண்டரில் வட்டமிடுங்கள்.

டிஸ்சார்ஜும் கேட்டவுடன் கிடைத்துவிடாது. ஈடில்லாத கடனில் ரூபாய்க்கு 50 பைசாவாவது சொத்திலிருந்து தேற வேண்டும். 12 லட்சம் கடன் என்றால் 6 லட்சம். தேறவில்லையென்றால் அதற்கு நீங்கள் பொறுப்பல்ல என்று காட்ட வேண்டும். நோய், தீ விபத்து, பெரிய வாடிக்கையாளர் கைவிட்டது போன்றவற்றுக்கு ஆவணம் கேட்பார்கள். சூதாட்டம், ஊதாரித்தனம், கட்ட வழியில்லை என்று தெரிந்தே வாங்கிய கடன் என்று தெரிந்தால் முழு விடுதலை மறுக்கப்படும். நிபந்தனையோடோ தள்ளிவைத்தோ தரலாம். டிஸ்சார்ஜ் கிடைத்தாலும் அரசுக்குக் கட்ட வேண்டியதும், மோசடியால் வந்த கடனும், ஜீவனாம்சமும் நீங்காது. ஜாமீன்தாரும் விடுபட மாட்டார். உங்கள் வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போட்ட நண்பரை வங்கி முழுத் தொகைக்கும் துரத்தலாம். மனு போடும் முன் அவரிடம் நேரில் சொல்லிவிடுவது அவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை.

டிஸ்சார்ஜ் ஆகும்வரை சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போட்டியிட முடியாது, நிறுவன இயக்குநராக முடியாது. திவாலானவர் என்பதைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலே 6 மாதம் வரை சிறை.

ஐ.பி. இல்லாமல் வழி உண்டா?

உண்டு, பலருக்கு அதுவே போதும். வங்கியிடம் ஒரே தவணைத் தீர்வு, ஓ.டி.எஸ்., கேட்கலாம். பணம் கட்டும் முன் கடிதம் வாங்குங்கள். அதில் கடன் எண், தொகை, கடைசித் தேதி, இதோடு கணக்கு முழுமையாக முடிகிறது என்ற வரி, ஜாமீன்தார் விடுவிப்பு, வழக்கு வாபஸ், பத்திரம் திரும்பத் தரும் விவரம் இருக்க வேண்டும். பணம் கடன் கணக்குக்கு மட்டும். வசூல் ஆளின் யு.பி.ஐ. எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். கடன் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதிவாகும், அது பல ஆண்டு நிற்கும். அதே வங்கியில் புதுக் கடன் கிடைக்கக் குறைந்தது 12 மாதம் ஆகும். வழக்கு நடந்துகொண்டிருந்தால் லோக் அதாலத்துக்கு அனுப்பக் கேளுங்கள். கட்டணம் இல்லை, அங்கே எழுதும் தீர்வுக்கு மேல்முறையீடும் இல்லை. அதனால் கட்ட முடிகிற தவணைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

"இ.எம்.ஐ.யை நிறுத்துங்கள், பாதியில் முடித்துத் தருகிறோம்" என்று முன்பணம் வாங்கும் ஏஜென்சிகளுக்கு வங்கியைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் எதுவும் இல்லை. நீங்கள் நேரில் கேட்டுப் பெற முடிந்ததையே அவர்களும் கேட்கிறார்கள்.

பழைய புரோநோட்டு இருந்தால் தேதியைப் பாருங்கள். கேட்டதும் தர வேண்டிய நோட்டுக்கு வழக்குப் போட எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டுதான் காலம். அதற்குள் 500 ரூபாய் கட்டி நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து இன்னொரு 3 ஆண்டு ஓடும். பின்பக்கம் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்பா கடனுக்கு மகன் பொறுப்பா? அவர் விட்டுச்சென்ற சொத்தில் உங்களுக்கு வந்த அளவுக்கு மட்டும். எதுவும் வரவில்லையென்றால், நீங்கள் ஜாமீன் போடாதவரை, உங்கள் சம்பளத்தையோ சொந்தச் சம்பாத்தியத்தையோ யாரும் கேட்க முடியாது. துக்க வீட்டுக்கு வந்து "உன் பேருக்கு மாத்தி எழுதிக்கொடு" என்று நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டால்தான் அது உங்கள் கடனாகிறது.